பிடரியில் ஒரு மஞ்சள் கோடு

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் ஆச்சி வீட்டுத் திண்ணையில் அவருடைய இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் வறட்டு இருமல் இரண்டு. கொஞ்சம் இடைவெளி. பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் நீளமான ஒன்று, அதன் வாலில் "முருகா" என்று ஒரு முனகல். பேய்க்கதை எதுவும் சொல்லவில்லை. திண்ணை உத்தரத்தில் ஒரு கம்பிக் கூண்டு தொங்கியது. அதற்குள் ஒரு மலை மைனா இருந்தது. தாத்தா பாவூர்சத்திரத்தில் ஒரு மர மில்லில் முப்பது வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர். மரத்தூளும் பீடியும் சேர்ந்து கொடுத்த இருமல் அது. கடைசி மூன்று வருடங்கள் அவர் திண்ணையிலேயே கிடந்தார். மைனாவும் அதே மூன்று வருடங்கள் அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

"ஏல, யாரு அது?" என்று கேட்கும். "அண்ணாச்சி வாங்க" என்று சொல்லும். இரண்டும் நாங்கள் சொல்லிக்கொடுத்தவை. இருமலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆச்சியால் தாங்க முடியவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். திண்ணையில் இருமல் கேட்டதும் கை நின்றுவிடும். வெந்நீர் வைக்கப் பாதி எழுந்து, பிறகு நினைவு வந்து உட்காருவாள். ஒருநாள் மாமாவிடம் சொல்லிவிட்டாள். "ஏல, இத எங்கயாவது கொண்டு விட்டுட்டு வா. என்னால முடியல." மாமா கூண்டைப் பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் குற்றாலம் போய், செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் மேலே ஏறித் திறந்துவிட்டு வந்தார். அது 1992. வெறும் கூண்டோடு வந்து நின்று, "பறந்து போச்சு" என்றார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அத்தை, "காட்டுல பிடிச்சதக் காட்டுல விட்டுட்டிய, புண்ணியம்" என்றாள். எனக்குப் பத்து வயது. அழுதேன். ஆனாலும் நாங்கள் நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று அன்று நம்பினேன். போன வருடம் வரைக்கும் நம்பினேன்.

போன வருடம் வீட்டை ஒதுங்கவைத்தபோது பழைய ஆல்பம் ஒன்று கிடைத்தது. அதில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கலர் போட்டோ ஒன்று. மடியில் கூண்டு, கூண்டுக்குள் மைனா பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் அதன் தலை தெளிவாக விழுந்திருக்கிறது. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போது நான் பறவைப் புத்தகங்கள் வாசிக்க ஆரம்பித்திருந்த காலம். மலை மைனா என்று நாம் சொல்வது ஒரே பறவை இல்லை, இரண்டு என்று வாசித்திருந்தேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. கண்ணுக்குப் பின்னாலும் பிடரியிலும் பார்க்க வேண்டும்.

மலை மைனாவைப் பார்த்திராதவர்களுக்காக. நம் தெருவில் திரிகிற சாதா மைனா தவிட்டு நிறம். இது பளபளக்கும் கறுப்பு, வெயிலில் ஊதாவும் பச்சையும் ஓடும். ஆரஞ்சு அலகு, மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு. தலையில் கண்ணுக்குக் கீழேயும் பிடரியிலும் மஞ்சளாக வெறும் தோல், தொங்கட்டான் மாதிரி. அஸ்ஸாம், மேகாலயா, ஒடிசா, பஸ்தர், அங்கிருந்து கிழக்கே பர்மா, ஜாவா வரை இருக்கிற பறவைக்கு இந்தத் தோல் கண்ணுக்குக் கீழிருந்து ஒரே ஓட்டமாகப் பிடரிவரை போகும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கிற தெற்கத்திப் பறவைக்கு அப்படி இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு துண்டு தனியாக நிற்கும். பிடரியில் இன்னொரு துண்டு தனியாகக் கிளம்பி உச்சந்தலையை நோக்கி வளையும். இரண்டுக்கும் நடுவில் கறுப்பு இறகு. தெற்கத்தியது உடம்பிலும் சின்னது, அலகும் மெல்லியது. குரலும் வேறு. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு விரல்நுனி அளவுக்குக் கறுப்பு இறகு இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. இந்த இரண்டு பறவைகளின் பெயர் வரலாறு ஒரு பட்டா தகராறு மாதிரி. லின்னேயஸ் 1758-இல் கிராகுலா ரெலிஜியோசா என்று ஒரு பெயர் வைத்தார். ஆசியாவிலிருந்து வருகிற பறவை என்பதற்கு மேல் இடம் தெளிவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பறவையியலாளர்கள் அந்தப் பெயரை நம் தெற்கத்திப் பறவைக்குக் கொடுத்தார்கள். 1889-இல் ஓட்ஸ் எழுதிய பிரிட்டிஷ் இந்தியப் பறவைகள் தொகுதியில் இரண்டும் தனித்தனி இனங்கள்தான். ஒன்று தெற்கத்திக் கிராக்கிள், மற்றது இந்தியக் கிராக்கிள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மலை மைனாவுக்குக் கிராக்கிள் என்றே பெயர். பிறகு லின்னேயஸின் பெயர் ஜாவாப் பறவைக்கு உரியது என்று முடிவானது. தெற்கத்தியது பெயரைப் பறிகொடுத்துவிட்டு, கூவியே 1829-இல் வைத்திருந்த இண்டிகா என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இரண்டையும் ஒரே இனம் என்று சேர்த்துவிட்டார்கள். தெற்கத்தியது ஒரு கிளையினம், வால்போல மூன்றாவது பெயர் ஒன்று, அவ்வளவுதான். 2005-இல் ராஸ்முசனும் ஆண்டர்ட்டனும் தெற்காசியப் பறவைகள் பற்றி எழுதிய நூலில் மறுபடி பிரித்தார்கள். இன்று முக்கியமான உலகப் பட்டியல்களில் இரண்டும் தனித்தனி.

பறவைக்கு இந்த இருநூற்றுச் சொச்சம் வருடங்களில் ஒன்றும் ஆகவில்லை. குற்றாலம் மலையில் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தது. நாம்தான் அதை ஒருமுறை இரண்டாக்கி, ஒருமுறை ஒன்றாக்கி, மறுபடி இரண்டாக்கினோம். டார்வின் 1859-இலேயே, இனத்துக்கும் வகைக்கும் நடுவில் கோடு போடுவது நம் வசதிக்காகத்தான் என்ற தொனியில் எழுதிவிட்டார். அப்படியானால் கேள்வி இதுதான்: இந்தக் கோடு உலகத்தில் இருக்கிறதா, நம் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா? நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் என்றால், மாமா செய்தது சரியா தப்பா என்பதை அந்தக் கோட்டைப் பார்த்து நான் எப்படி முடிவு செய்ய முடியும்?

ஒரு வழி இருக்கிறது. பறவைகளிடமே கேட்பது. அமெரிக்காவில் கிராக்கிள் என்ற பெயரில் வேறொரு குடும்பத்துப் பறவைகள் உண்டு. நம் மைனாவுக்கு உறவே இல்லை, கறுப்பாக இருப்பதால் ஐரோப்பியர் கொண்டுபோய் ஒட்டிய பெயர். அங்கே பெரியவால் கிராக்கிள், படகுவால் கிராக்கிள் என்று இரண்டு. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. நெடுநாள் ஒரே இனம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். செலாண்டர், கில்லர் என்ற இருவர் 1961-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டெக்ஸாஸ், லூசியானா கடற்கரையில் இரண்டு கிராக்கிள்களும் ஒரே பகுதியில் கூடு கட்டுகின்றன, ஆனால் ஒன்றோடொன்று சேர்வதில்லை என்று காட்டினார்கள். தகராறு தீர்ந்தது. கோடு போட்டது மனிதர் இல்லை, பெட்டைப் பறவைகள். மனிதருக்கு வால் நீளமும் கண் நிறமும்தான் தெரியும். அவற்றுக்கு எது தன்னுடையது என்று தெரிகிறது.

இலங்கையிலும் அப்படி ஒரு சந்திப்பு உண்டு. நம் தெற்கத்தி மலை மைனாவும் அங்கே இருக்கிறது. இலங்கைக்கே சொந்தமான இன்னொரு மலை மைனாவும் இருக்கிறது. அதற்குக் கண்ணுக்குக் கீழே மஞ்சளே கிடையாது, பிடரியில் மட்டும்தான். எட்வர்ட் பிளைத் 1846-இல் பெயர் வைத்தது. தீவின் ஈரக்காடுகளில் இரண்டும் இருக்கின்றன, கலந்து ஒன்றாகிவிடவில்லை. சிங்களத்தில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஸ்ரீ ராகுலர் 'செலலிஹினி சந்தேசய' என்று ஒரு மைனாவைத் தூது அனுப்பிய காவியம் எழுதியிருக்கிறார். கோட்டையிலிருந்து களனிக்குப் போய், அரசன் மகளுக்குப் பிள்ளை வரம் கேட்க வேண்டும். பேசுகிற பறவைதானே, போய்ச் சொல்லிவிட்டு வரும் என்ற நம்பிக்கை. நம் பழைய இலக்கியத்தில் கிளியோடு சேர்த்து வளர்க்கப்படுகிற பூவை, நாகணவாய்ப் புள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். (பூவை என்றால் காயாம்பூவும்தான். தமிழில் பெயர்கள் இன்னும் சிக்கல்.)

ஆனால் நம் இரண்டு மலை மைனாக்களுக்கும் அந்தச் சந்திப்பு கிடையாது. தெற்கத்தியது மேற்கு மலையை விட்டு இறங்காது. வடக்கத்தியதில் நமக்கு மிக அருகே இருப்பது பஸ்தர், ஒடிசா பக்கம். நடுவே வறண்ட சமவெளி. கேட்க முடியாததால் நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் பதில் மாறிக்கொண்டே இருந்தது. இங்கே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சந்திக்காததால் வித்தியாசம் இல்லை என்று ஆகாது. இரண்டு பேர் சந்தித்துக்கொண்டதே இல்லை என்பதால் அவர்கள் ஒரே ஆள் ஆகிவிடுவதில்லை. அவர்களைச் சந்திக்கவைக்கிற வேலையைப் பறவை வியாபாரி செய்தான், மாமா செய்தார். அந்த இடத்தில் கோடு நோட்டுப் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

இப்போது பேச்சுக்கு வருகிறேன். என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதுதான்.

மலை மைனா காட்டில் மற்ற பறவைகளை மிமிக்ரி செய்யும் என்று எல்லாரும் நினைக்கிறோம். செய்யாது. இரட்டைவால் குருவியின் உறவான துடுப்புவால் கரிச்சான் செய்யும், இது செய்யாது. பிரையன் பெர்ட்ரம் என்ற ஆய்வாளர் அஸ்ஸாம் காடுகளில் இதன் குரலைப் படித்து 1970-இல் எழுதினார். ஒவ்வொரு பறவைக்கும் மூன்றிலிருந்து பதின்மூன்று வரை சொந்தக் கூப்பாடுகள் உண்டு. அவற்றைக் குஞ்சுப் பருவத்தில் அக்கம்பக்கத்தைக் கேட்டுக் கற்கிறது. அதிலும் ஆண் ஆணிடமிருந்து, பெண் பெண்ணிடமிருந்து. பக்கத்து மரத்துக்காரரோடு சில கூப்பாடுகள் பொதுவாக இருக்கும். தூரம் போகப் போகக் குறையும். ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் ஒன்றுகூடப் பொது இல்லை. பதினைந்து கிலோமீட்டர் என்பது பாவூர்சத்திரத்துக்கும் குற்றாலத்துக்கும் உள்ள தூரம், கொஞ்சம் முன்னே பின்னே. நமக்கே அந்தத் தூரத்தில் பேச்சு லேசாக மாறும். ஆனாலும் பஸ்ஸில் சண்டை போடுகிற அளவுக்குப் புரியும். அவற்றுக்கு மொத்தமும் மாறிவிடுகிறது.

அப்படியென்றால் கூண்டு மைனா ஏன் மனிதக் குரலில் பேசுகிறது? அதற்குள் இருப்பது அடுத்தவரைப் பார்த்துப் பாவனை செய்கிற ஆசை இல்லை. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கற்றுக்கொள்ளும் வேட்கை. இறகு முளைக்காத குஞ்சாகப் பொந்திலிருந்து எடுத்து வந்தால், அக்கம்பக்கம் என்று அதற்குக் கிடைப்பது நாம்தான். நம்மைத் தன் பக்கத்து மரம் என்று எடுத்துக்கொள்கிறது. "ஏல, யாரு அது?" என்று எங்கள் மைனா கேட்டபோது தெருவே சிரித்தது. வேடிக்கை காட்டுகிறது என்று நினைத்தோம். அது வேடிக்கை காட்டவில்லை. தாத்தாவோடு சேர்ந்து வாழ்கிற ஒரு பறவை செய்ய வேண்டியதைச் செய்தது. அவர் நாள் முழுவதும் அதிகம் எழுப்பிய சத்தம் எதுவோ அதைத் தாய்மொழியாகக் கற்றுக்கொண்டது. பாவம், அது இருமல்.

பெந்தம் 1789-இல் வெளியான நூலில், ஓர் அடிக்குறிப்பில், மிருகங்களைப் பற்றி ஒரு வாதம் வைத்தார். அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல கேள்வி, வலிக்குமா என்பதே கேள்வி என்பது அதன் சாரம். மிருகங்களின் பக்கம் நிற்கிற எல்லாரும் எடுத்துக்காட்டுகிற வாதம் இது. நானும் ஏற்கிறேன். ஆனால் எங்கள் மைனாவை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி பாதி தூரம்தான் வருகிறது. அதற்கு எங்கள் வீட்டில் வலிக்கவில்லை. தாத்தா வாழைப்பழத்தை நசுக்கி விரலில் வைத்து ஊட்டுவார். வெயில் படாமல் கூண்டை இடம் மாற்றுவார். பசி தெரியாமல், பயம் தெரியாமல் வளர்ந்தது. வலியை மட்டும் அளந்தால் நாங்கள் நிரபராதிகள். ஆனால் ஒரு பறவைக்கு அதன் அக்கம்பக்கத்தை இல்லாமல் ஆக்குவது என்று ஒரு தீங்கு இருக்கிறது. அது வலியாகத் தெரியாது. அந்தப் பறவைக்கே தெரியாது. தனக்கு எது கிடைக்கவில்லை என்று அறிய வழியில்லாத ஒன்றுக்கு நாம் இழைப்பதைத் தீங்கு என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். பெந்தம் பேச்சை ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு, பேச வராததை வைத்து மிருகங்களைக் கீழே தள்ளினார்கள். மலை மைனா விஷயம் தலைகீழ். பேச வந்ததால்தான் பிடித்தார்கள்.

பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேகாலயாவில் காரோ மலைக்காரர்கள் மூங்கிலும் புல்லும் வைத்துச் செயற்கைக் கூடுகள் கட்டி, ஊர் ஓரத்து உயரமான மரங்களில் தொங்கவிட்டு, மைனாக்களை அதில் குஞ்சு பொரிக்கவிட்டு, குஞ்சுகளை மட்டும் எடுத்து விற்றிருக்கிறார்கள். தாய்ப் பறவை அப்படியே இருக்கும். மரம் வெட்டினால் மைனா வராது, ஆகவே மரமும் நிற்கும். கூண்டுப் பறவை வியாபாரம் கொடுமை என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பொந்தில் முட்டையிடுகிற பறவைக்கு ஒரு குஞ்சுத் திருடனைவிட எங்கள் ஊர் ரம்பம் பெரிய எதிரி. பொந்து விழுகிற அளவுக்கு வயதான மரம்தான் முதலில் மில்லுக்கு வரும். தாத்தா முப்பது வருடத்தில் எத்தனை பொந்துகளை அறுத்திருப்பார் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காரோ மலையிலும் எடுக்கப்பட்ட குஞ்சு, கற்க வேண்டியதைக் கற்காமல்தான் போனது. கூட்டத்துக்கு நல்லது, அந்த ஒரு குஞ்சுக்கு இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பறவை வியாபாரத்தில் வடக்கத்தியதற்குப் 'பெரியது', தெற்கத்தியதற்குச் 'சின்னது' என்று பெயர். பெரியதுதான் நல்ல பேச்சுக்காரன் என்று பேர். சின்னது அந்த அளவுக்கு வராது என்பார்கள். 'சுமாராகப் பேசும்' என்ற கெட்ட பெயர் ஒரு பறவைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பிறகு நாட்டுப் பறவைகள் எதையும் விற்கக்கூடாது என்றானது. 1997-இல் மலை மைனா வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடும் வந்தது. 1989-இல் குற்றாலம் சீசனில் மாமா இந்தப் பறவையை வாங்கியபோதே அது சட்டப்படி தப்பாகத்தான் இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்போம் என்றே நினைக்கிறேன்.

விற்றவன், "நம்ம மலைல பிடிச்சதுதான் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் கொடுத்தானாம். திருக்குற்றாலக் குறவஞ்சி வாசித்தவர்களுக்குச் சிங்கனை நினைவிருக்கும். சிங்கி எங்கே போனாள் என்கிற ஏக்கம் ஒரு பக்கம், கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற வேலை ஒரு பக்கம், கூடவே நூவன். பறவைகள் வந்து இறங்குகிற இடத்தில் வரிசையாகப் பேர் சொல்கிறான். திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். அவர் காலத்துக்கு முன்பிருந்து இன்றுவரை ஒரு விஷயம் மாறவில்லை. பிடிக்கிறவனுக்கு எந்தப் பறவை எது என்று தெரியும். வாங்குகிறவனுக்குத் தெரியாது. எங்களுக்கு விற்றவனுக்கும் தெரிந்திருக்கும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்றேன் இல்லையா. கூண்டின் கம்பி ஒன்று அலகுக்கு முன்னால் போகிறது, கண்ணையோ பிடரியையோ மறைக்கவில்லை. கண்ணுக்குக் கீழே மஞ்சள். அது பின்னால் போகிறது. எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். நிற்கவில்லை. பிடரிவரை ஒரே கோடு. வெளிறிய படம்தான், ஆனாலும் நடுவில் கறுப்பு இல்லை. அலகும் நல்ல தடிமன். பறவை தெரிந்த ஒரு நண்பனுக்கு அனுப்பினேன், எதுவும் சொல்லாமல். "வடக்கத்தியதுடா, இத எங்க எடுத்த?" என்று பதில் வந்தது.

ஆக, மாமா அதை அதன் காட்டில் விடவில்லை. அதன் காடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அஸ்ஸாம் பக்கம் என்றால் இரண்டாயிரத்துக்கும் மேல். அது பார்த்தே இராத மலையில், தன் இனமே இல்லாத பறவைகளுக்கு நடுவில், அவற்றின் ஒரு கூப்பாடும் தெரியாமல், ஒரு கிழவரின் இருமலை மட்டும் வைத்துக்கொண்டு போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த முதல் உணர்ச்சி, வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஆறுதல். அந்தக் கோடு நடுவில் அறுந்திருந்தால் நாங்கள் நல்லது செய்தவர்கள், அறாமல் ஓடினால் கெட்டது செய்தவர்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பதில் கெட்டதாக வந்தாலும் பதில் வந்துவிட்டதே என்ற ஆறுதல். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கணக்கு தப்பு என்று புரிந்தது. சரி, அது தெற்கத்தியதாகவே இருந்திருக்கட்டும். அதே செண்பகாதேவி மரம் ஒன்றின் பொந்திலிருந்து எடுத்ததாகவே இருக்கட்டும். அப்போதும் மூன்று வருடம் எங்கள் திண்ணையில் வளர்ந்த அதற்கு அந்த மலையின் பேச்சு தெரியாது. பிறந்த மரத்தடியில் விட்டாலும் அசலூர்தான். பிடரியில் கோடு ஒட்டியிருந்தாலும் அறுந்திருந்தாலும், அதன் தொண்டைக்குள் இருந்தது எங்கள் வீடு.

அப்படியானால் கோட்டுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது என்றுதான் சொல்வேன். இரண்டையும் ஒன்று என்று எழுதிவைத்திருந்த அத்தனை வருடமும், ஒன்றை வேறொன்றின் மலையில் விடுவது தப்பு என்று சொல்ல நம்மிடம் வார்த்தையே இல்லை. அஸ்ஸாமில் படித்ததை வைத்து நம் மலைப் பறவையும் தெரிந்ததுதான் என்று இருந்துவிட்டோம். பஸ்தர் மைனாவுக்குத் தனிப் பெயர் சொல்லிப் பழகியதால் சத்தீஸ்கர் அதை மாநிலப் பறவை ஆக்கி, ஜக்தல்பூரில் கூண்டு கட்டி இனப்பெருக்கம் செய்துபார்த்தது. ஆண் எது பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாத பறவை, அந்த முயற்சி தடுமாறியது, அது வேறு கதை. ஆனால் பெயர் இருந்ததால்தான் கவலையும் வந்தது. நம் தெற்கத்தியதைப் பற்றி அப்படிக் கவலைப்பட்டு நான் யாரையும் பார்த்ததில்லை. பெயர் என்பது அன்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எந்த மலை?" என்று கேட்கவாவது பெயர் வேண்டும். 1992-இல் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. காடு என்றால் காடு, மைனா என்றால் மைனா.

போன மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அவருக்கு எழுபது ஆகிறது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, போனில் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பறவையைப் பார்க்கவில்லை, தாத்தாவைத்தான் பார்க்கிறார் என்று கொஞ்சம் கழித்துப் புரிந்தது.

"அப்போ இது எந்த ஊருது?"

"அஸ்ஸாம் பக்கமா இருக்கலாம் மாமா. ஒடிசாவாவும் இருக்கலாம்."

"நம்ம மலைன்னு சொல்லித்தான மருமவனே தந்தான்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அது அன்றைக்குப் பறக்கவில்லையாம். கூண்டைத் திறந்து வெளியே எடுத்துவிட்டபோது, கூண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டதாம். கையைத் தட்டி விரட்டிப் பார்த்திருக்கிறார். பக்கத்திலிருந்த பாறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. கூண்டை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்திருக்கிறார்.

"வளைவு திரும்புத வரைக்கும் பின்னால இருமிக்கிட்டே இருந்துச்சு, அப்பா மாதிரியே. நான் திரும்பிப் பாக்கல மருமவனே. பாத்திருந்தா தூக்கிட்டு வந்திருப்பேன். வீட்டுல அம்மா இருக்காள்லா."